பாதைக்காரன் எந்தக் கரை

ஒரு கட்டுவலை, ஒரு தண்ணீர்ப் பம்பு. ஆரம்பம் அவ்வளவுதான். பிறகு வாகனத்தில் வந்து இறங்கியவர்கள் இதை வேளாண்மைப் பிரச்சினை என்றார்கள், மீன்பிடிப் பிரச்சினை என்றார்கள், ஒருவர் மனித உரிமை என்றும் எழுதிக்கொண்டு போனார். வலை நிலுக்ஷனுடையது. பம்பு உதயரூபனுடையது. நிலுக்ஷன் சுதாகரனின் மருமகன், ஒரே மகள் பிரஷாந்தியின் புருஷன். உதயரூபன் சுதாகரனோடு கூடப்பிறந்த தம்பி. இரண்டு பேருக்கும் நடுவில் நின்ற சுதாகரன் பாதைக்காரன்.

பாதை என்றால் இங்கே தெரு இல்லை. வாவியின் இரண்டு கரைக்கும் இழுத்துக் கட்டிய கம்பிவடத்தைப் பிடித்து, கையால் இழுத்துச் செலுத்துகிற பெரிய இரும்புத் தெப்பத்துக்குத்தான் மட்டக்களப்பில் பாதை என்று பேர். நாற்பது சனமும் பத்து மோட்டார் சைக்கிளும் ஏறலாம். சனம் கொஞ்சம் ஒதுங்கினால் ஓர் உழவு இயந்திரமும் ஏறும். சூரியன் எழும்புகிற பக்கம் எழுவான்கரை. அங்கே ஓடாவித்துறை, வலையும் தோணியுமாகச் சீவிக்கிற ஊர். சூரியன் படுகிற பக்கம் படுவான்கரை. அங்கே மருதடிமுனை, கண்ணுக்கு எட்டிய தூரம் வயல் வட்டை. அக்கரைச் சோறும் இக்கரைக் கறியும் சுதாகரனின் பாதையில்தான் மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தன.

சுதாகரன் பிறந்தது மருதடிமுனையில். கல்யாணம் முடித்தது ஓடாவித்துறையில். இந்தப் பக்கத்தில் வீடும் வளவும் பெண்ணுக்கு. ஆண்தான் உடுப்புப் பையோடு பெண் வீட்டுக்குப் போகவேண்டும். குடி என்கிற வம்சக் கிளையும் தாய் வழியாகத்தான் வரும். ஆகவே அந்த வீட்டில் மனைவி சீதேவிப்பிள்ளையும் மகள் பிரஷாந்தியும் ஒரு குடி, சுதாகரன் மட்டும் வேறு குடி. இருபத்தாறு வருடமாக அது ஒரு கதையே இல்லை. கோயில் சடங்கில் எந்தக் குடிக்கு முதல் காளாஞ்சி மரியாதை என்று பிரிக்கிற நேரம் மட்டும் பெண்சாதி ஒரு வரிசையிலும் அவன் இன்னொரு வரிசையிலும் நிற்பார்கள். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

போன மார்கழியில் மழை முந்திக்கொண்டது. வாவி கடலோடு சேருகிற முகத்துவாரம் மணல் மூடிக் கிடக்கும். மழை பெய்து வாவி நிறைந்தால் கமக்காரர் அதை வெட்டிவிடச் சொல்வார்கள். வெட்டினால்தான் வயல் தண்ணீர் வடியும். மீனவர் வெட்டாதே என்பார்கள். வெட்டினால் முதல் பாய்ச்சலிலேயே வளராத இறாலெல்லாம் கடலுக்குப் போய்விடும். வருடா வருடம் அதிகாரிகள் இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டு, தேத்தண்ணி கொடுத்து, ஒரு நாள் குறிப்பார்கள். இந்த முறை கூட்டம் வைப்பதற்கு முதலே படுவான்கரை றோட்டெல்லாம் முழங்காலுக்கு மேல் வெள்ளம். கூட்டம் தள்ளிப்போனது.

அந்த நேரம் பார்த்துத்தான் நிலுக்ஷன், மருதடிமுனை வாய்க்கால் வாவியில் விழுகிற வாயில் கட்டுவலை கட்டினான். வெள்ளம் இறங்குகிற இடத்தில் இறால் சேரும் என்பது ஓடாவித்துறையில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். தண்ணீரில் மிதக்கிற ஆற்றுவாழைச் செடி வந்து வலையை அடைத்தது. வாய்க்கால் மூச்சு முட்டித் தண்ணீர் திரும்பி உதயரூபனின் வயலில் ஏறியது. கதிர் இன்னும் வயிற்றுக்குள் இருக்கிற குடலைப் பருவம். மூன்று நாள் மூழ்கினால் அந்த வேளாண்மையை மறந்துவிட வேண்டியதுதான். உதயரூபன் கத்தியை எடுத்து வலையை மேலிருந்து கீழாக அறுத்தான். அன்று பின்னேரமே நிலுக்ஷன் தோணியில் போய், வரம்பில் நின்ற அவனுடைய பம்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

இந்த அளவில் இது ஒரு குடும்பச் சண்டை. ஒரு கல்யாண வீட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டு சாப்பிட்டு, அடுத்த கல்யாண வீட்டில் பக்கத்தில் உட்காருகிற அளவு. ஆனால் உதயரூபன் கமக்காரர் சங்கத்து ஆள். சங்கம் அவனுக்குப் பின்னால் வந்து நின்றது. மீனவர் சங்கத் தலைவர் சாமித்தம்பி, சீதேவிப்பிள்ளையின் தாய்மாமன், ‘ஒருத்தன்ட வலையில கத்தி வெச்சா எல்லார்ர வலையிலயும் வெச்ச மாதிரி’ என்று ஒரு வசனம் பேசினார். மருதடிமுனைக்காரர் முந்திய வருட வரட்சியில் பக்கத்து இரண்டு வட்டைகளுக்குத் தண்ணீர் விட்டிருந்தார்கள். அந்த நன்றிக்கு அந்த இரண்டு வட்டை ஊரும் வந்தது. அந்த வட்டைகளில் பெண் எடுத்த இன்னும் இரண்டு ஊர், மாப்பிள்ளைமாரைத் தனியே விடக்கூடாது என்று வந்தது. இந்தக் கரையில் இறால் ஏற்றுகிற ஐஸ் லொறிக்காரர் வந்தார்கள். லொறிக்காரரின் சொந்த ஊர் அவர்களுக்காக வந்தது. நாலாம் நாள் எண்ணிப் பார்த்தால் ஏழு ஊர். அதில் பாதிப் பேருக்கு அந்த வலை என்ன நிறம் என்று தெரியாது.

சுதாகரன் சும்மா இருக்கவில்லை. பம்பு போன அடுத்த நாள் விடிந்ததுமே தம்பியிடம் போனான். உதயரூபன் இடுப்பளவு தண்ணீரில் நின்று வரம்புக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தான்.

“பம்ப நான் கொண்டுவந்து தாறன்டா. நீ வந்து வலைக்கு ஒரு வார்த்த சொல்லு. அவன் சின்னப் பொடியன். உன்ட கையாலதானே தாலிக் கூறை வாங்கின.”

“எனக்கு அவனோட என்ன அண்ணன்? வலைய நானே புதிசா வாங்கிக் குடுப்பன்.” உதயரூபன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு திரும்பிப் பார்த்தான். வரம்பில் சங்கத்து ஆட்கள் ஏழெட்டுப் பேர் குடையோடு நின்றார்கள். குரலைத் தாழ்த்தினான். “ஆனா இப்ப நான் தனிய கதைக்க ஏலா. எனக்காகத்தான் இவ்வளவு சனமும் வேலைய உட்டுட்டு நிக்கிது. நான் போய்க் கைய நீட்டினா இவங்கட முகத்துல என்னண்டு முழிக்கிற?”

“அப்ப வேளாம அழுகட்டும் எங்கிறயா?”

“முகத்துவாரத்த வெட்டினா எல்லாருக்கும் சரி.” பிறகு, போகிற போக்கில் கேட்கிறவன் போல ஒரு கேள்வி கேட்டான். “அண்ணன், பம்பு அக்கரைக்கு எதில போன?”

“தோணியில.”

“நீங்க கண்டயளா?”

“காணல்ல. அவன் சொன்னான்.”

“ஓம், அவன் சொல்லுவான்” என்று உதயரூபன் தண்ணீரைப் பார்த்தபடி சொன்னான். “சங்கத்துல சிலபேர் பாதையில போனதெண்டு கதைக்கிறாங்க. நான் இல்லயெண்டுதான் சொன்ன.”

தம்பி தன்னை நம்பிச் சொன்னானா, நோட்டம் பார்த்தானா என்று சுதாகரனுக்கு விளங்கவில்லை. ஒன்றாய்ப் படுத்து ஒன்றாய் வளர்ந்தவன் முகத்தில் அதற்கு விடை தேடவேண்டி வந்ததே அவனுக்குப் பெரிய வெட்கமாக இருந்தது.

மருமகனிடமும் அதே கதைதான். நிலுக்ஷன் மாமனாருக்கு முன்னால் பணிவாகத் தலையைச் சொறிந்தான். “சின்ன மாமாவோட எனக்குக் கோவமில்ல மாமா. பம்ப இப்பயே தூக்கித் தந்திருவன். ஆனா அத சங்கத்துல வெச்சிப் பூட்டிட்டாங்க. தலைவர் சாமித்தம்பிட்டத்தான் துறப்பு இரிக்கி.” அதாவது சண்டைக்காரர் இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கத் தயார். துணைக்கு வந்தவர்கள்தான் தயார் இல்லை.

இந்தக் கதையெல்லாம் சுதாகரன் மனம்விட்டுச் சொன்னது ஒரே ஒருவரிடம். காத்தான்குடி அப்துல் மஜீத் காக்கா, கிழமைக்கு இரண்டு தரம் மோட்டார் சைக்கிளில் சாரமும் சீத்தைத் துணியும் கட்டிக்கொண்டு பாதை ஏறி, படுவான்கரை ஊர்களில் விற்றுவிட்டுப் போகிறவர். மகன் றிஷாட்டுக்குக் கட்டார் நாட்டில் வேலை. அங்கால வானத்தில் றொக்கட் பறக்கத் தொடங்கிய நாளிலிருந்து காக்கா போனைக் கையைவிட்டு வைப்பதில்லை. உலகத்துச் சண்டையெல்லாம் அதற்குள் ஓடிக்கொண்டிருக்கும்.

“பாத்தீங்களா தம்பி, இப்ப அவனும் இறங்கிட்டானாம்.”

“ஆரு காக்கா?” சுதாகரன் வடத்தை மரப்பிடியால் கவ்வி, பின்னுக்குச் சாய்ந்து, பலகையில் காலை மாற்றி மாற்றி நடந்தான். வாடைக்காற்று எதிராக அடித்தது. ஆற்றுவாழைக் கூட்டம் ஒன்று வந்து தெப்பத்தில் மோத, நின்று கம்பால் தள்ளிவிட்டான்.

“அதான், சும்மா நிண்டவன். இவன்ட தலைக்கு மேலால ஒருத்தன் றொக்கட் உட்டிருக்கான். ‘ஏன்டா என்ட ஊட்டுக்கு மேலால உட்ட’ எண்டு இவன் கேட்டிருக்கான். அதோட இவனும் ஆள்.”

“மகன் எப்பிடி இரிக்காராம்?”

“‘ஒரு பிரச்சினயும் இல்ல வாப்பா’ எண்டுறான். ஒரு பிரச்சினயும் இல்லயெண்டா நாளைக்கு நாலு தரம் கோல் எடுத்து ஏன் சொல்றான்? அதுதான் எனக்குப் பயம்.”

“இது உலகப்போரா வருமா காக்கா?”

“வாற நேரம் ஆரும் பேர் வெச்சிக் கூப்பிட மாட்டாங்க தம்பி. முதலாவது நடக்கக்குள்ள அதுக்கு முதலாவது எண்டா பேர்?” காக்கா போனைச் சட்டைப் பையில் போட்டார். “அதுவும் இப்பிடித்தான். ரெண்டு பேருக்குள்ள வழக்கு. ஒருத்தனுக்கு ஒருத்தன் வாக்குக் குடுத்திரிக்கான், அவனுக்கு மத்தவன் குடுத்திரிக்கான். ஜேர்மன்காரனுக்குப் பிரான்சுக்குப் போகணும். நடுவுல பெல்ஜியம் எண்டு ஒரு சின்ன நாடு. ‘உன்னோட ஒண்டுமில்ல, வழிய மட்டும் உடு’ எண்டான்.”

“உட்டானா?”

“உடல்ல.”

“அப்ப தப்பிட்டான்.”

“எங்க! முதல்ல அவனத்தான் மிதிச்சான்.”

சுதாகரன் இழுப்பதை நிறுத்தினான். “உட்டிருந்தா?”

“உட்டிருந்தா மத்தவன் மிதிச்சிருப்பான். அந்தச் சின்ன நாட்டுக்கு அடிச்சா நான் வருவன் எண்டு இங்கிலீஸ்காரன் எப்பயோ ஒரு கடதாசில கையெழுத்துப் போட்டிரிக்கான். அதத் தூக்கிட்டு அவனும் வந்தான். அவன் வந்தா அவன்ட ஆட்சிக்குள்ள இருந்த நாம சும்மா இரிக்கலாமா? இலங்கையும் சண்டையில எண்டாச்சி. இஞ்ச ஒருத்தனையும் கேக்கல்ல.”

பாதை வாவி நடுவில் நின்று ஆடியது. இரண்டு கரையிலும் கூட்டம் கூட்டமாக ஆட்கள் நின்று தங்களையே பார்ப்பதை இரண்டு பேரும் கண்டார்கள். அன்று படுவான்கரைத் துறையில் காக்காவின் துணிக் கட்டை அவிழ்க்கச் சொன்னார்கள். மீனவருக்குச் செய்தி கொண்டு போகிறாராம். திரும்பி வரும்போது எழுவான்கரைத் துறையிலும் அவிழ்க்கச் சொன்னார்கள். கமக்காரருக்கு ஆள் எண்ணிக்கை சொல்கிறாராம். இருபது வருடமாகக் கடனுக்கும் கைக்கும் துணி கொடுத்த மனிசன் நனைந்த சாரங்களை மறுபடி மடித்துக் கட்டிக்கொண்டு, “சண்ட முடியக்குள்ள ஒரு கோல் அடிங்க தம்பி” என்று போனவர், பிறகு வரவில்லை.

மஜீத் காக்கா வருவது நின்றதும் சுதாகரனோடு கதைக்க ஆளில்லை. வீட்டில் ஆள் இருந்தார்கள், கதைதான் இல்லை. அவன் படலையைத் திறந்தால் குசினிக்குள் கேட்ட பேச்சு நிற்கும். இறாலும் முருங்கையிலையும் சுண்டி, சோறு போட்டு வைத்துவிட்டு சீதேவிப்பிள்ளை பக்கத்தில் நிற்கமாட்டாள். ஒருநாள் அவன் உள்ளே வர, போனில் கதைத்துக்கொண்டிருந்தவள் “மறுகா எடுக்கன்” என்று சட்டென்று வைத்தாள்.

“ஆரோட கதச்ச?”

“மாமாவோட.”

“என்னவாம் சாமித்தம்பி மாமா?”

“ஒண்டுமில்ல.”

“ஒண்டுமில்லாததுக்கா இந்த நேரம் எடுத்த?”

சீதேவிப்பிள்ளை சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள். “இஞ்சருங்க, நான் ஒண்டும் கேக்கல்ல. சனம் கேக்குது. முகத்துவாரத்த வெட்டப்போற நாளுக்கு பாதை எந்தக் கரையில நிக்கும் எண்டு.”

“நீ என்ன சொன்ன?”

“எனக்கென்ன தெரியும். நீங்க அக்கரைப் பிள்ள. உங்கட மனசுக்குள்ள நான் எப்பயாவது பூந்து பாத்தனா?”

இருபத்தாறு வருடம் ஒரே பாயில் படுத்தவள் ‘அக்கரைப் பிள்ள’ என்றாள். சுதாகரன் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டுக் கை கழுவினான். பிரஷாந்தி வாசலில் நின்று, “சாப்பிடுங்க அப்பா” என்றாள். அவளுக்கு ஆறு மாதம். அவள் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் தன் குடி இல்லை என்று அந்த நேரத்தில்தான் முதல்முறையாக அவனுக்கு நினைப்பு வந்தது. அப்படி நினைத்ததற்காகத் தன்மேலேயே அருவருத்தான்.

அக்கரைக்காரரின் கணக்கு இப்படி இருந்தது. வியாழக்கிழமை காலை இருநூறு பேர் மண்வெட்டியோடு வாவியைக் கடந்து, முகத்துவாரத்துக்கு நடந்து, தாங்களே வெட்டுவது. றோட்டெல்லாம் வெள்ளம். படுவான்கரையில் தோணிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆகவே பாதை இல்லாமல் ஒன்றும் நடவாது. இக்கரைக்காரரின் கணக்கு அதைவிடச் சின்னது: பாதை அக்கரைக்குப் போகக்கூடாது.

மார்கழியில் விடியற்புறம் பிள்ளைகள் சங்கு ஊதி, சேமக்கலம் தட்டி, திருவெம்பாவை பாடிக்கொண்டு தெருவால் போவது வழக்கம். புதன்கிழமை விடிய ஓடாவித்துறையில் சங்கு ஊதிய கையோடு சுதாகரனின் போன் அடித்தது. உதயரூபன்.

“அண்ணன், அங்க ஆள் சேக்கிறாங்களா? சங்கு கேக்குது.”

“திருவெம்பாவடா! நீயும் நானும் ஊதினதுதானே.”

“அது தெரியும். இண்டைக்குக் கூட நேரம் ஊதுறாங்க போல கிடக்கு.” பிறகு விஷயத்துக்கு வந்தான். “அண்ணன், நாளைக்கு ஆறு மணிக்கு பாதையக் கொண்டுவாங்க. அம்மா இருந்தா இதத்தான் சொல்லியிருப்பா. நீங்க எங்கட குடி. அங்க எத்தன வருசம் இருந்தாலும் நீங்க வெளிய இருந்து வந்த ஆள்தான்.”

அன்று பத்து மணிக்கு சாமித்தம்பி ஆட்களோடு துறைக்கு வந்தார். ஒருவன் கையில் இரும்புச் சங்கிலி, ஒருவன் கையில் தேங்காயளவு ஆமைப்பூட்டு. நிலுக்ஷன் கூட்டத்தின் பின்னால் நின்றான்.

“தம்பி, நாளைக்கு வெள்ளனா இதப் பூட்டப்போறம்” என்றார் சாமித்தம்பி. “உங்களுக்கும் அது நல்லம். நாங்க பூட்டினம் எண்டு அங்க சொல்லலாம்.”

“அக்கர ஆசுப்பத்திரிச் சனம், பள்ளிப் பிள்ளையள்?”

“ஒரு நாள்தானே. இல்லாட்டி எங்கட பிள்ளையள்ர சோத்துல மண் விழட்டும் எங்கிறயளா?” அவர் அவனுடைய தோளில் கை வைத்தார். பாசமாகத்தான் வைத்தார். “நாங்க பெண் தந்த ஆக்கள் தம்பி.”

சுதாகரன் அன்று முழுவதும் வடத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டே யோசித்தான். அக்கரையில் நின்றால் கமக்காரன் பக்கம். இக்கரையில் பூட்டுப்பட்டால் மீன்காரன் பக்கம். பாதைக்காரனுக்கு எட்டுகிற புத்தி பாதைக்காரப் புத்திதான்: நடு வாவியில் நின்றால் எந்தக் கரையும் இல்லை. வாவி ஒருவருக்கும் சீதனம் கொடுத்த காணி இல்லையே. இதை நினைத்தபோது அவனுக்கு ஒரு கிழமைக்குப் பிறகு மூச்சு ஒழுங்காக வந்தது.

வியாழக்கிழமை வெளிச்சம் பரவத் தொடங்கியதும், சங்கிலிக்காரர் வருவதற்கு முன்னால், தனியே பாதையை இழுத்துக்கொண்டு போய் வாவியின் நட்டநடுவில் நிறுத்தினான். தெப்பத்தை வடத்தோடு கயிற்றால் இறுக்கிக் கட்டினான். மழை பலத்தது. நீலப் படங்கை நாலு கம்பில் இழுத்துக் கட்டி, அதற்குக் கீழே குந்தினான்.

அவன் யோசிக்காத விஷயம் ஒன்று இருந்தது. யோசித்திருக்கவும் முடியாது, முப்பது வருடமாக அவன் பாதையின் மேல் நின்று கரையைப் பார்த்தவனே தவிர, கரையில் நின்று பாதையைப் பார்த்தவன் இல்லை. மழைக்குள் நடு வாவியில் நிற்கிற பாதை, எந்தக் கரையில் நின்று பார்த்தாலும் தன்னை நோக்கி வருகிற மாதிரித்தான் தெரியும். ஓடாவித்துறையார் பார்த்தார்கள்: பாதை அக்கரையிலிருந்து வருகிறது, படங்குக்குக் கீழே ஆட்களை ஒளித்து வைத்திருக்கிறான். மருதடிமுனையார் பார்த்தார்கள்: பாதை தங்கள் கரைக்கு வருகிறது, படங்குக்குக் கீழே மீன்காரர் பொல்லோடு குந்தியிருக்கிறார்கள்.

இக்கரையில் விசில் அடித்தார்கள். முகத்துவாரத்து மணலில் யாரும் வெட்டிவிடாமல் மூன்று நாளாகக் காவல் இருந்த நாற்பது பேரையும் போனில் கூப்பிட்டார்கள். பத்துப் பன்னிரண்டு தோணி இறங்கியது. அக்கரையில் இருந்த ஆறு தோணியும் இறங்கியது. தோணி கிடைக்காதவர்கள் கழுத்தளவு தண்ணீரில் நின்று மண்வெட்டியை உயர்த்திக் கூவினார்கள். சுதாகரன் எழுந்து நின்று இரண்டு பக்கமும் கையை ஆட்டினான். வராதே என்றுதான் ஆட்டினான். இரண்டு பக்கமும் அதைப் பார்த்து, மற்றப் பக்கத்தைக் கூப்பிடுகிறான் என்று சொன்னார்கள்.

அப்போதுதான் காலுக்குக் கீழே அது நடந்தது. வடம் மெல்ல வளைந்தது. காற்றுக்கு வளைகிற வளைவு இல்லை. தெப்பம் கடல் பக்கமாகச் சாய்ந்து கயிற்றை இழுத்தது. சோம்பிக் கிடந்த ஆற்றுவாழை ஒரே திசையில் நகரத் தொடங்கியது. இந்த வாவி இப்படி இழுப்பது ஒரே ஒரு காரணத்துக்குத்தான் என்று அவனுக்குத் தெரியும். வெள்ளம் மணலைத் தானே தள்ளிவிட்டது. காவலுக்கும் ஆளில்லை, வெட்டவும் ஆளில்லை.

முதலில் வந்தது நிலுக்ஷன் இருந்த தோணி. மற்றப் பக்கத்தால் உதயரூபன் இருந்த தோணி. ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் ஆட்கள் தெப்பத்தில் ஏறினார்கள்.

“முகத்துவாரம் உடைஞ்சிட்டுடா!” சுதாகரன் கத்தினான். “தண்ணியப் பாருங்கடா! தானா உடைஞ்சிட்டு! வெட்டவும் தேவையில்ல, மறிக்கவும் தேவையில்ல!”

“பொய்!” என்றது ஒரு குரல். “எங்களத் திருப்பி அனுப்பப் பாக்கான்!”

“எங்கட காவல எடுக்கத்தான் இந்தக் கூத்து!” என்றது இன்னொன்று.

“தம்பி, ஆற்றுவாழையப் பாரு! மருமகன், நீங்க தண்ணியில வளந்த ஆள், வடத்தப் பாருங்க!”

உதயரூபன் தண்ணீரைப் பார்க்கவில்லை, நிலுக்ஷனைப் பார்த்தான். நிலுக்ஷன் வடத்தைப் பார்க்கவில்லை, உதயரூபனின் கையில் இருந்த மண்வெட்டியைப் பார்த்தான். யாரோ படங்கை அறுத்தார்கள். நீலப் படங்கு மழைத் தண்ணீரோடு எல்லார் தலையிலும் விழுந்தது. அதற்குக் கீழே யார் யாருக்கு அடித்தார்கள் என்று பிறகு பொலிசும் கேட்டது, ஒருவரும் சொல்லவில்லை. முதல் அடி சுதாகரனின் காதுக்கு மேலே விழுந்தது. அது மண்வெட்டிப் பிடியா, தோணித் தண்டா என்பது அவனுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் பயமாக இருந்தது.

ஒன்பது தையல். ஆசுப்பத்திரியில் நாலு நாள். பக்கத்துக் கட்டில்களில் இரண்டு கரை ஆட்களும் கை கால் கட்டோடு கிடந்தார்கள். மூன்றாம் நாள் அவர்கள் ஒருவரோடொருவர் கிரிக்கெட் கதைக்கத் தொடங்கினார்கள். சுதாகரனோடு மட்டும் யாரும் கதைக்கவில்லை. வயல் தண்ணீர் ஒரே நாளில் வடிந்ததாகவும், பாதி வேளாண்மை அதற்கு முதலே அழுகிவிட்டதாகவும், இறால் முழுக்கக் கடலுக்குப் போய்விட்டதாகவும் அந்தக் கதைகளில் இருந்துதான் அவன் அறிந்தான்.

நாலாம் நாள் பின்னேரம் சீதேவிப்பிள்ளை பிளாஸ்க்கோடு வந்தாள். கட்டில் விளிம்பில் இருந்து, தலைக் கட்டைத் தொட்டுப் பார்த்து, அழுதாள். அந்த அழுகை உண்மை. அதில் சுதாகரனுக்குச் சந்தேகம் இல்லை.

“சமாதானமாயிட்டு” என்றாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு. “காலையில கோயில் வாசல்ல ரெண்டு சங்கமும் இருந்து கதச்சி முடிச்சிட்டாங்க.”

“என்ன முடிவாம்?”

“பம்ப திருப்பிக் குடுத்தாச்சி. உங்கட தம்பி புது வலை வாங்கிக் குடுக்காராம். இனி ரெண்டு கரையும் கேக்காம முகத்துவாரத்தில கை வைக்கிறல்ல எண்டு கையெழுத்து. மறுகா…” சீதேவிப்பிள்ளை பிளாஸ்க் மூடியைத் திருகினாள். “பாதைக்கு ரெண்டு பக்கத்துக்கும் பொதுவான ஓராளப் போடச்சொல்லி பிரதேச சபைக்குக் கடிதம் எழுதியிரிக்காங்க. உங்கள நம்ப ஏலாதாம். அதில மட்டும் ஒருத்தரும் மறுத்துக் கதைக்கல்லயாம்.”

சுதாகரன் தன் இரண்டு உள்ளங்கையையும் பார்த்துக்கொண்டிருந்தான். வடம் இழுத்துக் காய்த்த கை.

“ஆரு அத முதல் சொன்ன?”

“விடுங்க இப்ப அத.”

“சொல்லு.”

“உங்கட தம்பி.”

“ஆரு ஆமோதிச்ச?”

அவள் பக்கத்துக் கட்டில்களை ஒருமுறை பார்த்தாள். “நம்மட மருமகன்தான்” என்றாள் பிறகு. “அவங்க ரெண்டு பேருக்கும் வேற வழியில்ல. ரெண்டு பேரும் உங்கட ஆக்கள் எண்டு சனம் பாக்குதெல்லோ. அவங்கதான் சொல்லணும் எண்டு ரெண்டு சங்கமும் நிண்டது. கையப் பிடிச்சிக் கதச்சாங்களாம். அழுதாங்களாம்.”

“நீ அங்க போனயா?”

“போன. பொம்புளையளும் இருந்தம்.”

“உங்களக் கேட்டாங்களா?”

“குடிக்கு ஒரு பொம்புளையச் சம்மதமா எண்டு கேட்டாங்க.”

“உங்கட குடியில ஆரக் கேட்ட?”

சீதேவிப்பிள்ளை பிளாஸ்க்கைச் சாய்த்துக் கோப்பையில் தேத்தண்ணி வார்த்தாள். விளிம்புவரை நிரம்பியும் வார்த்துக்கொண்டிருந்தாள். தேத்தண்ணி சிறிய மேசையில் ஓடி அவளுடைய சேலையில் சொட்டியது.

“ஆறுது,” என்றாள், “குடிங்க.”

சுதாகரன் கோப்பையை எடுக்கவில்லை. அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.